வீடு தேடி ஓய்ந்து போகும் குடும்பங்கள்! அலுப்பில் கொடுக்கும் "டோக்கன்" ஆபத்து

சென்னை நகரிலும் புறநகரிலும் சொந்த வீடு தேடும் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் அல்ல. அதுதான் வாரத்திலேயே கடுமையான வேலை நாள். காலை 8 மணிக்கு ஸ்கூட்டரில் ஏறினால் இரவு 8 மணிக்குத்தான் இறங்குகிறார்கள். கையில் நாலு பில்டர்களின் கலர் நோட்டீஸ். வயிற்றில் டீயும் பஜ்ஜியும். மனதில் எரிச்சல்.

ஒரு வாரம், இரண்டு வாரம் என்றால் பரவாயில்லை. ஆறு மாதம், ஒரு வருடம் என்று இழுத்துக்கொண்டே போகிறது. முதல் மாதத்தில் இருந்த ஆசை மூன்றாவது மாதத்தில் அலுப்பாகிறது. ஆறாவது மாதத்தில் வெறுப்பாகிறது.

மற்ற களைப்பு என்றால் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் போய்விடும். வீடு தேடும் களைப்பு அப்படிப்பட்டது அல்ல. "எதையாவது ஒண்ணை முடிச்சுத் தொலைப்போம்" என்று ஆளைச் சொல்ல வைக்கிறது. வாழ்நாள் சேமிப்பு தவறான இடத்தில் போய் மாட்டிக்கொள்ளும் ஆபத்தான நிமிடம் அதுதான்.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்றார்கள் பெரியவர்கள். இன்றைய சென்னையில் கட்டுவது இருக்கட்டும், தேடிப் பார்ப்பதற்கே தெம்பு வேண்டியிருக்கிறது.

ஐந்தாவது வீட்டில் என்ன நடக்கிறது?

ஆலந்தூரில் வாடகைக்கு இருக்கும் ஒரு கணவன்-மனைவி என்று வைத்துக் கொள்வோம். கணவர் இன்சூரன்ஸ் ஆபீசில் கிளார்க். மனைவி தனியார் பள்ளிக்கூட டீச்சர். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 90 ஆயிரம். ஒரே பையன், ஐந்தாம் வகுப்பு படிக்கிறான்.

ஞாயிறு காலை முதல் வீடு மடிப்பாக்கத்தில். கணவர் ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்க்கிறார். மனைவி சமையல் கட்டில் நின்று வெளிச்சம் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்க்கிறார். பாத்ரூம் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது வீடு மேடவாக்கம். மூன்றாவது குரோம்பேட்டை. அதற்குள் மத்தியானம் 2 மணி. பையன் "பசிக்குது" என்று அழுகிறான். நாலாவது வீடு பம்மல். ஐந்தாவது வீடு அனகாபுத்தூர். அங்கே போய்ச் சேரும்போது வெளிச்சமும் இல்லை, பொறுமையும் இல்லை.

காலையில் குழாயைத் திறந்து பார்த்தவர், ஐந்தாவது வீட்டில் ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு, போலாம்" என்கிறார். முதல் வீட்டில் கேட்ட இருபது கேள்விகளில் இரண்டைக்கூட அங்கே கேட்கவில்லை. அந்த ஐந்தாவது வீடுதான் நல்ல வீடா, ஓட்டை வீடா என்பது அவருக்குத் தெரியாது. ராத்திரி படுக்கும்போது எந்த வீட்டில் எத்தனை பெட்ரூம் என்பதே குழம்பிப் போகிறது.

ஒரு நாளில் ஐந்து வீடு பார்ப்பது சுறுசுறுப்பு அல்ல. பெட்ரோலும் வீண், வீடும் சரியாகப் பார்த்ததாக ஆகாது.

ஒரு கோடி ரூபாய் கணக்கு

அலுப்பில் எடுக்கும் முடிவின் விலை என்ன? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் போதும், தூக்கம் கலைந்து விடும்.

கைமாறி வரும் பழைய பிளாட் ஒன்றின் விலை 60 லட்சம் என்று கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் பேங்க் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் பேங்க் விதி. ஆக அதிகபட்சக் கடன் 48 லட்சம். மீதி 12 லட்சம் கைப்பணம்.

அதோடு முடிந்ததா? முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இரண்டும் சேர்ந்து 5 லட்சத்து 40 ஆயிரம். புரோக்கர் கமிஷன் ஒரு சதவீதம் என்றாலே 60 ஆயிரம். மொத்தம் 18 லட்சம் கையில் இருந்தால்தான் அந்த வீட்டின் சாவி கைக்கு வரும். பெயிண்ட், அலமாரி, பால் காய்ச்சும் செலவு எல்லாம் தனி.

48 லட்சம் கடனுக்கு வட்டி 8.5 சதவீதம், 20 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 41,650 ரூபாய். 240 மாதம் கட்டி முடிக்கும்போது கிட்டத்தட்ட ஒரு கோடி ரூபாய் ஆகியிருக்கும்.

அதாவது, "போலாம்பா, இதையே முடிச்சிடலாம்" என்று ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு சொல்லும் அந்த ஒரு வார்த்தையின் விலை ஒரு கோடி!

பத்து ரூபாய்க்குக் கத்தரிக்காய் வாங்கும்போது சொத்தை பார்த்து வாங்கும் குடும்பம், ஒரு கோடி ரூபாய் சரக்கைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறது என்றால் அதற்குக் காரணம் முட்டாள்தனம் அல்ல. அலுப்பு.

வீட்டுக்குள் சண்டை

தேடல் நீள நீள, வீட்டுக்குள் பேச்சும் மாறுகிறது.

"என்னங்க, இந்த ஞாயிறும் போகணுமா? எங்க அண்ணன் பொண்ணுக்கு வளைகாப்பு."

"நான் ஒருத்தனா ஆசைப்பட்டேன்? நீதானே சொந்த வீடு, சொந்த வீடுன்னு உயிரை எடுத்தே!"

இந்த வசனம் பல வீடுகளுக்குப் புதிதல்ல. ராத்திரி சாப்பாட்டு நேரத்திலும் சதுர அடி, காலையில் பல் துலக்கும்போதும் சதுர அடி. பையனின் பரீட்சை எப்போது என்றுகூட அப்பாவுக்கு ஞாபகம் இல்லை.

உறவினர்கள் வேறு சும்மா இருப்பதில்லை. "கிழக்குப் பார்த்த வாசலா?" என்பார் மாமா. "அந்த ஏரியாவுக்கா போறீங்க?" என்று மூக்கைச் சுளிப்பார் சித்தி. "நாங்க வாங்கினப்போ பதினெட்டு லட்சம்தான்" என்று பெருமூச்சு விடுவார் மச்சான். அவர் சொல்வது பொய் அல்ல. ஆனால் அந்த விலையை வைத்துக்கொண்டு இன்றைக்கு எதுவும் செய்ய முடியாது.

ஆபீசில் கவனக்குறைவு, தூக்கமின்மை, தலைவலி, சின்ன விஷயத்துக்கும் கத்துவது, சாப்பாட்டில் ருசி இல்லாமல் போவது, புரோக்கர் நம்பரைப் பார்த்தாலே போனைத் தூக்கி எறியத் தோன்றுவது. இவை எல்லாம் தேடலைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்க வேண்டும் என்பதற்கான அடையாளங்கள். நிறுத்திய பிறகும் தூக்கம் வரவில்லை, மனம் தெளியவில்லை என்றால் டாக்டரைப் பார்ப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மனநல ஆலோசனைக்கு 2022-ல் தொடங்கப்பட்ட 14416 என்ற இலவச போன் சேவை தமிழிலும் கிடைக்கிறது.

"நாளைக்கு வேற பார்ட்டி வருது சார்!"

களைத்தவரை இன்னும் களைக்க வைப்பது அவசரப்படுத்தும் பேச்சு. "சார், நாளைக் காலையில வேற பார்ட்டி டோக்கன் கொடுக்குறாங்க. உங்க முகத்துக்காக இன்னிக்கு ராத்திரி வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்கேன்." வீடு தேடிய எவரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது.

புரோக்கரைத் திட்டிப் பயன் இல்லை. அது அவர் பிழைப்பு. பத்து வீடு காட்டினால் ஒன்றுதான் முடியும். மற்ற ஒன்பதுக்கும் அலைந்த பெட்ரோல் அவர் காசு. அவருக்கு அவசரம் இருப்பது நியாயம். வாங்குகிறவருக்கு ஏன் இருக்க வேண்டும்?

ஆப்களில் நம்பரைப் பதிவு செய்தவர்கள் பாடு இன்னும் மோசம். ஒரு தடவை பதிந்தால் போதும், காலை முதல் ராத்திரி வரை போன் அடித்துக்கொண்டே இருக்கும். இதற்கு எளிய வழி, வீடு தேடுவதற்கென்று தனியாக ஒரு சிம் கார்டு. மாலை 6 மணி முதல் 7 மணி வரை மட்டும் அதை ஆன் செய்தால் போதும். மற்ற நேரம் வீடு அமைதியாக இருக்கும்.

காகிதம் முதலில், கதவு பிறகு

பலர் வீட்டைப் பார்த்து மயங்கிய பிறகு பத்திரம் கேட்கிறார்கள். அங்கேதான் அலைச்சல் இரட்டிப்பு ஆகிறது. வீடு பிடித்துப் போய், மனைவி திரைச்சீலை கலர்கூட முடிவு செய்த பிறகு பத்திரத்தில் கோளாறு என்று வக்கீல் சொன்னால் மனம் உடைந்து போகிறது. அப்படி இரண்டு தடவை நடந்தால் மூன்றாவது தடவை வக்கீலிடம் போகவே மனம் வராது.

முறையை மாற்றிக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும். பத்திர விவரம் போனில் வந்த பிறகுதான் ஸ்கூட்டரை எடுக்க வேண்டும்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டில் இருந்தபடியே காசில்லாமல் பார்க்கலாம். 30 வருடத்துக்குப் பார்ப்பது வழக்கம். சொத்து அடமானத்தில் இருந்தால் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். வழிகாட்டி மதிப்பும் அங்கேயே இருக்கிறது. பட்டாவையும் வருவாய்த்துறை இணையதளத்தில் பார்க்கலாம்.

புது பிளாட் என்றால் முதல் கேள்வி, "ரெரா நம்பர் என்ன?" 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் அல்லது 8 வீடுகளுக்கு மேல் கட்டும் திட்டங்களை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்தே விற்க வேண்டும் என்பது 2016-ம் வருடச் சட்டம். விளம்பரத்திலும் அந்த நம்பர் இருக்க வேண்டும். நம்பர் இல்லை, "வந்துடும் சார்" என்றால் அந்த ஞாயிறு வீட்டிலேயே தூங்கலாம்.

இரண்டாவது கேள்வி, "கார்ப்பெட் ஏரியா எவ்வளவு?" ஆயிரம் சதுர அடி என்று நோட்டீசில் போட்டிருப்பார்கள். மாடிப்படி, வராந்தா, லிப்ட் எல்லாம் சேர்த்த கணக்கு அது. உள்ளே நடமாடும் இடம் எழுநூறு சொச்சம்தான் இருக்கும். மூன்றாவது கேள்வி, "யு.டி.எஸ். எவ்வளவு?" மனையில் பிரிக்கப்படாத பங்கு அது. கட்டடம் பழசாகும், மண்தான் மதிப்பு.

சி.எம்.டி.ஏ. அனுமதி, தாய்ப் பத்திரம், கம்ப்ளீஷன் சர்டிபிகேட், இவற்றின் நகலை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கலாம். "நேர்ல வாங்க, காட்டுறேன்" என்பவரை வரிசையில் கடைசியில் வைக்கலாம். பத்து வீட்டில் ஆறு வீடு போனிலேயே கழிந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டியது நாலுதான்.

மூன்றே மூன்று நிபந்தனை

கார் பார்க்கிங் வேண்டும், லிப்ட் வேண்டும், ஸ்டேஷன் பக்கம் வேண்டும், நல்ல ஸ்கூல் வேண்டும், மெட்ரோ தண்ணீர் வேண்டும், கிழக்கு வாசல் வேண்டும், விலையும் குறைவாக வேண்டும். இப்படிப் பட்டியல் போட்டுக்கொண்டு தேடினால் பிள்ளைக்குக் கல்யாண வயது வந்துவிடும்.

கணவனும் மனைவியும் தனித்தனியாக உட்கார்ந்து, விட்டுக்கொடுக்கவே முடியாத மூன்று விஷயங்களை மட்டும் துண்டுச் சீட்டில் எழுத வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். அங்கேயே ஒரு சண்டை வரும். வரட்டும். புரோக்கர் முன்னால் வருவதைவிட அது மேல். இரண்டு சீட்டிலும் பொதுவாக இருப்பதை முதலில் எடுத்துக்கொண்டு, கடைசியில் மூன்றே மூன்றை வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு அந்த மூன்றும் இல்லாத வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் போய்ப் பார்ப்பது இல்லை. மூன்றும் இருந்தால் நாலாவது குறையைப் பொறுத்துக்கொள்வது. மாமாவின் யோசனை நாலாவதுக்குக் கீழேதான்!

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். விலை, கார்ப்பெட் ஏரியா, யு.டி.எஸ்., ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிடம் என்று பார்த்த இடத்திலேயே நின்று எழுதிவிட வேண்டும். "10 நிமிஷத்தில் ஸ்டேஷன்" என்று நோட்டீசில் இருந்தால் நடந்து பார்க்க வேண்டும். பல ஏரியாவில் அந்தப் பத்து நிமிடம் ராத்திரி 2 மணிக்குக் காலி ரோட்டில் பைக்கில் போனால் மட்டுமே சாத்தியம்.

தண்ணீர் நின்றதா?

சென்னையில் வீடு வாங்குகிறவர் எவ்வளவு களைத்திருந்தாலும் விடக்கூடாத கேள்வி ஒன்று உண்டு. மழைக்குத் தண்ணீர் நிற்குமா?

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம், மணப்பாக்கம் போன்ற இடங்களில் வீடுகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் தண்ணீர் வடிய நாள்கள் ஆயின. ஒரே ஏரியாவில் ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெரு தப்பிக்கும். ஏரியா பெயரைக் கேட்டு முடிவு செய்ய முடியாது.

இதை விற்கிறவரிடம் கேட்டுப் பயன் இல்லை. "நம்ம தெருவுல சொட்டுத் தண்ணி நிக்காது சார்" என்பார். தெரு முனை டீக்கடை, இஸ்திரி வண்டிக்காரர், எதிர் வீட்டுப் பாட்டி, இவர்களிடம் ஐந்து நிமிடம் பேசினால் போதும். தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று சுவரில் கை வைத்தே காட்டுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்த மறுநாள் ஒரு தடவை போய்ப் பார்த்தால் இன்னும் நல்லது.

ஆடி மாதம் லீவு

ஆடி மாதத்தில் யாரும் சொத்து முடிக்க மாட்டார்கள். ஆடிப்பெருக்கு நாளைத் தவிர, பத்திர ஆபீசில் கூட்டம் குறைந்துவிடும். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வீடு தேடுகிறவர்களுக்கு அது ஒரு நல்ல ஏற்பாடு. அந்த ஒரு மாதம் அலைச்சலுக்கு முழு லீவு கொடுத்துவிடலாம். மார்கழிக்கும் அப்படியே.

மற்ற மாதங்களிலும் ஒரு நாளைக்கு இரண்டு வீட்டுக்கு மேல் இல்லை, மாதத்தில் ஒரு ஞாயிறு கட்டாய ஓய்வு என்று வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஞாயிறு பீச்சுக்குப் போகலாம், வளைகாப்புக்குப் போகலாம். வீட்டைப் பற்றிய பேச்சுக்கு வாரத்தில் ஒரு நாள் ராத்திரி ஒரு மணி நேரம். மற்ற நாளில் சாப்பாட்டு நேரத்தில் சதுர அடி பேசக்கூடாது.

வேலையையும் பிரித்துக்கொள்ளலாம். புரோக்கரிடமும் பில்டரிடமும் பேசுவது ஒருவர். பத்திரம், வில்லங்கம், பேங்க் பார்ப்பது இன்னொருவர். இருவரும் எல்லாவற்றையும் செய்தால் இருவரும் சேர்ந்து களைத்துப் போவார்கள்.

ஒரு ராத்திரி தூங்கி எழுந்து...

எல்லாவற்றையும் மறந்தாலும் இந்த ஒன்றை மறக்கக்கூடாது. வீட்டைப் பார்த்த அன்றே டோக்கன் கொடுக்கக்கூடாது. செக் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். செல்போனில் பணம் அனுப்பும் இந்தக் காலத்தில் அது போதாது. "நாளைக் காலையில பேசுறேன்" என்ற ஒரே பதிலை இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆலந்தூர் தம்பதியே அன்று ராத்திரி அனகாபுத்தூரில் 50 ஆயிரம் அனுப்பியிருந்தால், மறுநாள் வில்லங்கத்தில் எது வந்தாலும் அந்த 50 ஆயிரத்துக்காகவே வீட்டை வாங்க மனம் தேடும். "கொடுத்த பணம் போயிடுமே" என்ற பயம் புத்தியை மறைக்கும்.

மறுநாள் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, பகல் வெளிச்சத்தில் இன்னொரு தடவை வீட்டைப் பார்த்த பிறகும் பிடித்திருந்தால் டோக்கன் கொடுக்கலாம். அப்போதும் ரசீது வேண்டும். பத்திரத்தில் கோளாறு இருந்தாலோ, பேங்க் கடன் கிடைக்காவிட்டாலோ முழுப் பணமும் திரும்ப வரும் என்று எழுதி வாங்க வேண்டும். ரெராவில் பதிவான புது பிளாட் என்றால், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு அதிகாரம் இல்லை.

"அதுக்குள்ள வேற யாராவது முடிச்சுட்டா?" முடித்துவிட்டுப் போகட்டும். மனம் இரண்டு நாள் வலிக்கும், மூன்றாம் நாள் சரியாகும். தவறான வீட்டை முடித்தால் 240 மாதம் வலிக்கும்.

வாடகை வீடு அவமானம் அல்ல

சில குடும்பங்களுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார், அதற்குள் சொந்த வீடு முடித்தே ஆக வேண்டும் என்ற ஓட்டம். இரண்டையும் முடிச்சுப் போட்டால் கழுத்தில் கத்தி வைத்துக்கொண்டு பேரம் பேசுவது போல. முதலில் இன்னொரு வாடகை வீட்டுக்கு மாறிவிட்டு, பதினோரு மாத அக்ரிமெண்ட் போட்டுக்கொண்டு, நிதானமாகத் தேடுவதே மேல். சாமான் ஏற்றும் வண்டிக் கூலி இரண்டு தடவை ஆகலாம். ஒரு கோடி முடிவோடு பார்த்தால் அது ஒன்றும் இல்லை.

கைப்பணம் 18 லட்சம் சேரவில்லை, மாதத் தவணை சம்பளத்தில் பாதியைத் தின்கிறது என்றால் இன்னும் இரண்டு வருடம் கழித்து வாங்குவதிலும் குறைவு இல்லை. ஆலந்தூர் தம்பதிக்கு 90 ஆயிரத்தில் 41,650 போனால் மீதி 48,350. அதில் பையன் படிப்பு, மளிகை, ஆஸ்பத்திரி எல்லாம் அடங்குமா என்று முதலில் ஆறு மாதம் அந்தத் தவணைத் தொகையைத் தனி பேங்க் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். முடிந்தால் தைரியமாக வாங்கலாம். சேர்ந்த இரண்டரை லட்சம் பத்திரச் செலவுக்கு ஆகும். முடியாவிட்டால், பேங்க் நோட்டீஸ் வருவதற்கு முன்பே உண்மை தெரிந்துவிடும்.

அக்கம்பக்கத்தார் "இன்னும் வாங்கலையா?" என்று கேட்பார்கள். தவணை கட்டப் போவது அவர்கள் அல்ல.